கியூவுக்காகக் கியூவில் நின்றவர்

2024 அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஏழு மணிக்கு, அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கி நகரத்தின் தெற்குப் பக்கம் ஒரு மூலை பாரின் வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். கார் 2008-ஆம் வருஷத்து கொரோலா, விற்றால் மூவாயிரம் டாலர் கிடைத்தால் அதிகம். பக்கத்து இருக்கையில் சீட் பெல்ட் போட்டு உட்கார வைத்திருந்த தோல் பைக்குள் இருந்த கோல், பூல் ஆடுகிற கியூ, அந்தக் காரைவிட விலை கூடியது. உள்ளே என் அணிக்காரர்கள் நாலு பேர் மேஜையில் கை பழகிக்கொண்டிருப்பார்கள், யாரோ ஒருவர் ஏற்கனவே பீர் பிட்சர் வாங்கி வைத்திருப்பார், அந்த பிட்சர் எப்போதும் உயர முக்காலியின் ஓரத்திலேயே நிற்கும், யாருடைய முழங்கையாவது அதில் போய் இடிக்கும். பதினோரு வருஷமாகப் பார்க்கிற காட்சிதான், ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. அன்றைக்கு அந்த பிட்சர் ஒன்றுதான் கண்ணுக்குள் நின்றது.

பெரம்பூரில் இருக்கும் அம்மாவிடம் இதை 'கேரம் மாதிரி ஒன்று, நின்றுகொண்டு ஆடுவது' என்று சொல்லி வைத்திருக்கிறேன். எங்கே ஆடுகிறாய் என்றால் 'கிளப்பில்' என்பேன். அம்மாவுக்கும் அது பார்தான் என்று தெரியும், ஆனால் அந்தச் சொல்லை நாங்கள் இருவரும் சொல்வதில்லை.

பூல் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். மேஜைமேல் கோலால் வெள்ளைப் பந்தை அடித்து, அதை வைத்து மற்றப் பந்துகளைக் குழிகளில் தள்ளுவதுதான் பூல். அமெரிக்காவின் ஊர் ஊரான பார்களில் வார நாள் இரவுகளில் லீக் என்ற பேரில் நடக்கும் குழு ஆட்டம் இது. நாங்கள் ஆடுவது ஏ.பி.ஏ. (அமெரிக்கன் பூல்பிளேயர்ஸ் அசோசியேஷன்) என்ற அமைப்பின் கீழ், டெர்ரி பெல், லாரி ஹப்பார்ட் என்ற இரண்டு தொழில்முறை ஆட்டக்காரர்கள் தொடங்கியது. அதன் அழகு என்னவென்றால் சுமாராக ஆடுகிறவர்களுக்கும் அதில் இடம் உண்டு. எட்டாம் எண் பந்தைக் கடைசியாகப் போட்டு ஜெயிக்கிற எட்டுப் பந்து ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் 2 முதல் 7 வரை ஒரு தகுதி எண், ஓர் இரவு இறங்குகிற ஐந்து பேரின் எண்களையும் கூட்டினால் 23-ஐத் தாண்டக் கூடாது. ஆகவே ஐந்து சூரர்களைச் சேர்த்துக்கொண்டு வந்துவிட முடியாது, ஒரு 7 வேண்டுமென்றால் மற்ற நாலு பேரும் சேர்ந்து 16-க்குள் அடங்க வேண்டும். நான் 4. பல வருஷமாக 4. ஒரு முறை 5 ஆனேன், ஆறு வாரத்தில் திரும்பி வந்துவிட்டேன்.

மேஜை ஏழடி. போட்டிகளில் பார்க்கிற ஒன்பதடி மேஜை பாரில் கொள்ளாது. பக்கவாட்டில் குவார்ட்டர் நாணயம் போட்டுத் தள்ளும் பொறி இருக்கும், குழியில் விழுந்த பந்துகள் உள்ளேயே சிறைப்பட்டுவிடும், வெள்ளைப் பந்து மட்டும் காந்தத்தாலோ அளவு வித்தியாசத்தாலோ பிரிந்து வெளியே வரும். சுவரில் நாலைந்து பொதுக் கோல்கள் மாட்டியிருக்கும், அவற்றில் ஒன்றாவது நேராக இருந்தால் அது நல்ல பார். லீக் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் சொந்தக் கோல் வைத்திருப்பார்கள், நடுவில் திருகிப் பிரித்து இரண்டாக மடக்கிக் கொண்டுபோகிற வகை. விஸ்கான்சினில் அதற்குப் பஞ்சமே இல்லை. மெக்டெர்மட் தொழிற்சாலை இங்கே பக்கத்தில் மெனோமனி ஃபால்ஸில்தான். வைக்கிங்கும் இந்த மாநிலத்துச் சரக்கு. இருநூறு முந்நூறு டாலரில் ஆயுசுக்கும் வருகிற கோல் கிடைக்கும்.

எங்கள் அணியில் கோச் என்று நாங்கள் கூப்பிட்டவரிடமும் ஒரு மெக்டெர்மட்தான் இருந்தது. பேர்தான் கோச், யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், பச்சைக் கறை படிந்த அந்தக் கோலைப் பேருந்து ஸ்டியரிங் மாதிரியே பிடிப்பார். நான் 2013-இல் அணியில் சேர்ந்தபோது என்னிடம் அவர் சொன்ன ஒரே அறிவுரை, பாப்கார்ன் தின்ற கையோடு மேஜையைத் தொடாதே என்பதுதான். 2024 மே மாதம் காலமானார், 74 வயது.

ஜூலையில் அவர் மனைவி போன் செய்தார். கராஜில் கோல்கள் கிடக்கின்றன, உனக்குத்தான் தெரியும், வந்து பார்த்து விலை சொல் என்று. போனேன். மெக்டெர்மட் இருந்தது, இரண்டு பழைய உடைந்த பொதுக் கோல்கள் இருந்தன, பிரேக், அதாவது பந்துகளைக் கலைக்கும் முதல் அடி, அடிக்க வைத்திருந்த கனத்த கோல் ஒன்று இருந்தது. இதெல்லாம் சேர்த்து ஐந்நூறு டாலர் தேறும் என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, படுக்கையறை அலமாரியில் கம்பளிகளுக்குப் பின்னால் ஒன்று இருக்கிறது, அதையும் பார்த்துவிடு என்றார். தோல் பை. திறந்தேன். பின்பாதி ஒன்று, முன்பாதி இரண்டு, அதாவது ஷாஃப்ட். பின்பாதியில் கருமரத்துக்குள் ஆறு முனைகள் ஈட்டி ஈட்டியாக ஏறியிருந்தன, ஒவ்வொரு ஈட்டிக்கும் ஓரம் கட்டினாற்போல வெனீர் என்கிற மெல்லிய வண்ண மரத்தகடு. பெரும்பாலான கோல்களில் நாலு முனைதான் இருக்கும். ஆறு என்றதும் கை கொஞ்சம் நடுங்கியது, ஏனென்றால் ஆறு முனை என்றால் முதலில் நினைவுக்கு வருகிற பேர் ஒன்று உண்டு. பையின் பக்க ஜிப்புக்குள் ரசீது மடித்து வைத்திருந்தது. சவுத்வெஸ்ட், லாஸ் வேகஸ். பேர் பதிவு செய்தது 1999. கைக்கு வந்தது 2010.

இந்தப் பதினோரு வருஷம் அச்சுப் பிழை கிடையாது. சவுத்வெஸ்ட் கோல் வேண்டுமென்றால் பேர் கொடுத்துவிட்டுப் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும் என்பது பூல் ஆடுகிறவர்களுக்கெல்லாம் தெரிந்த சங்கதி. கியூ வாங்கக் கியூவில் நிற்பது. தமிழில் எழுதினால் இந்த வேடிக்கை தானாகவே வந்துவிடுகிறது, என் அணிக்காரர்களிடம் சொன்னால் அவர்கள் மொழியில் எழுத்து வேறு என்பதால் அரைச் சிரிப்புத்தான் கிடைத்தது. ஜெர்ரி பிராங்க்ளின் என்பவர் எண்பதுகளில் தொடங்கிய சின்னப் பட்டறை அது, 1996-இல் அவர் இறந்த பிறகு அவர் மனைவி லாரி நடத்தினார். அவசரப்பட்டு எண்ணிக்கையைக் கூட்டவில்லை, மரத்தை வருஷக்கணக்கில் காயப்போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைந்தார்கள். அதனால் பழையது புதியதைவிட விலை கூடியது என்கிற விசித்திரம் உண்டாகிவிட்டது. வரிசையில் நிற்கப் பொறுமையில்லாதவன் கூடுதலாகக் கொடுத்து இன்னொருவன் கையிலிருந்து வாங்குவான்.

ஷாஃப்ட் இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பால் மாதிரி வெள்ளை. பூல் ஆடுகிறவர் கையில் ஒரு வாரம் இருந்த ஷாஃப்ட் கூட நுனியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்கு நீலம் ஏறிப்போயிருக்கும், வியர்வையும், நுனி வழுக்காமலிருக்கத் தேய்க்கிற நீல சாக்கின் பொடியும் மேப்பிள் மரத்தின் துவாரங்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இதில் ஒரு புள்ளி நீலம் கூட இல்லை. நுனித்தோல் புதுச் செருப்பின் அடி மாதிரி பழுப்பாக இருந்தது. பதினான்கு வருஷமாக வீட்டில் இருந்த கோலால் ஒரு பந்துகூட அடிக்கப்படவில்லை.

கோச்சின் மனைவியிடம் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அந்த ஐந்நூறு டாலரோடு இதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் என்ன என்று மனசு போனது. போனதை மறைப்பானேன். சேகரிப்பாளர்களுக்கு வாங்கி விற்கிற ஒருவரை அங்கிருந்தே போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி யார் செய்தது, இரண்டாவது எந்த வருஷம், மூன்றாவது 'சாக் பட்டிருக்கிறதா?' இல்லை என்றதும் எதிர்முனையில் ஒரு மௌனம். ரசீதில் இருந்ததைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு சொன்னார், அதுவும் சாக் படாமல் இருக்கிற வரைக்கும்தான் என்று அழுத்தி ஒரு தரம் சொன்னார். அந்த அம்மாள் போனை வைக்கச் சொன்னார். "இதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்போகிறவனுக்குத் தருவதற்கு என் அலமாரியே போதுமே. நீ எடுத்துக்கொள். அவ்வளவு முடியாதென்றால் முடிந்ததைக் கொடு, மாசா மாசம் கொடு." ரசீது விலைக்கே பேசி முடித்தோம். பதினெட்டு மாதத் தவணை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது.

அப்புறம் மூன்று மாதம் அது என் பீரோவில் இருந்தது. அவருடைய அலமாரியிலிருந்து என்னுடைய அலமாரிக்கு, கம்பளிக்குப் பதில் பட்டுப்புடவைக்குப் பின்னால். புடவை என்றதும் அம்மாவின் கூறைப்புடவை ஞாபகம் வருகிறது. வருஷக்கணக்காக அதே மடிப்பில் வைத்து வைத்து, கடைசியில் என் கல்யாணத்துக்குப் பிரித்தபோது மடிப்போடு மடிப்பாக ஜரிகை விட்டுப்போயிருந்தது. எடுத்துக் கட்டாத பட்டு பெட்டிக்குள்ளேயே நைந்துவிடும். கோலையும் அப்படித்தான் என்று என்னை நானே சமாதானப்படுத்தப் பார்த்தேன், ஆனால் மேப்பிளுக்கு அந்தக் கதை செல்லாது. அதிக ஈரமும் அதிக வறட்சியும் இல்லாத அறையில், சுவரில் சாய்க்காமல் படுக்க வைத்தால் ஐம்பது வருஷமானாலும் நேராகவே கிடக்கும். ஆடாமல் வைப்பதால் கோலுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நஷ்டமெல்லாம் ஆடினால்தான்.

இது சேகரிப்பாளர்கள் பக்கத்து நியாயம், அதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். ஜார்ஜ் பலபுஷ்கா பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், இல்லாவிட்டாலும் பரவாயில்லை. 1912-இல் ரஷ்யாவில் பிறந்து, 1924-இல் நியூயார்க் வந்து, தச்சு வேலையில் கை பழகியவர். 1959-இல் புரூக்ளினில் நண்பர்களுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகச் சில கோல்களைச் செய்து கொடுத்தார், அதிலிருந்து 1975-இல் இறக்கிற வரை கோல் செய்தார். அவர் கை பட்ட கோல் இன்றைக்குப் பல்லாயிரம் டாலர். ஆனால் அவர் அதை அலமாரிக்காகச் செய்யவில்லை, பந்தயம் கட்டி ஆடிப் பிழைத்தவர்களுக்கும் சாம்பியன்களுக்கும் செய்தார், அவர்கள் அதை வைத்து இரவு முழுக்க ஆடினார்கள், புகை குடித்தார்கள், தோற்றால் அடகு வைத்தார்கள். முன்பாதி தேய்ந்து தேய்ந்து பென்சில் மாதிரி ஆனால் வேறு ஷாஃப்ட் கடைந்து வாங்கிக்கொண்டார்கள். அவர் காலத்து முதல் ஷாஃப்ட்டோடு ஒரு கோல் கிடைப்பது இன்றைக்கு அரிது என்பதே அதற்குச் சாட்சி. இன்னொரு வேடிக்கை, பலபுஷ்கா பேரைப் பாமர ஜனங்களிடம் கொண்டுபோன 1986-ஆம் வருஷத்து ஹாலிவுட் படத்தில் காட்டப்பட்டது பலபுஷ்காவே இல்லை, ஜாஸ் என்ற கம்பெனியின் கோல். விலை உயர்ந்த நிஜத்தைப் படப்பிடிப்பில் அடித்து உடைக்க யார் துணிவார்கள்?

ஷாஃப்ட் என்பது செலவழிகிற பாகம், பேனாவுக்கு மை மாதிரி. இதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு அத்தனை நாள் ஆனது. கலையும் விலையும் பின்பாதியில் இருக்கின்றன, கை உரசுவதும் பந்தில் இடிப்பதும் சாக் ஏறுவதும் முன்பாதியில். சேகரிப்பாளருக்கு இரண்டும் சேர்ந்து பிறந்த ஜோடியாக, கன்னி கழியாமல் வேண்டும். ஆடுகிறவருக்குப் பின்பாதி இருந்தால் போதும், முன்னால் எதை வேண்டுமானாலும் திருகிக்கொள்ளலாம். இது தெரிந்ததும் பாதிப் பிரச்சினை தீர்ந்த மாதிரி இருந்தது. ஆனால் அப்போது நான் புத்திசாலித்தனமாக நடந்துகொள்ளவில்லை, இரண்டு ஷாஃப்ட்டில் ஒன்றையாவது ஆட வேண்டும் என்று பிடிவாதம். கோச் பதினோரு வருஷம் நின்று வாங்கியது, ஒரு முறையாவது அது முழுசாக, அது செய்யப்பட்டபடியே ஆட வேண்டாமா?

எங்கள் அப்பா வியாசர்பாடியில் கேரம் ஆடியவர். மரிய இருதயம் 1991-லும் 1995-லும் உலக சாம்பியன் ஆனதும் எங்கள் பக்கத்து கேரம் கிளப்புகளுக்கு ஒரு மிடுக்கு வந்தது, அப்பா வேலை முடிந்து வீட்டுக்கு வராமல் நேரே அங்கேதான் போவார். சட்டைப்பையில் ஸ்டிரைக்கர் இருக்கும், பதினைந்து கிராமுக்கு மேல் போகக் கூடாத ஒரு வட்டம், அதை நகத்தால் தடவிக்கொண்டே பஸ்ஸில் போவார். யாருக்கும் தர மாட்டார். ஓரத்தில் பொடிந்தபோது உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து ஆடினார், எடை குறைந்துவிட்டது என்று நண்பர்கள் கேலி செய்கிற அளவுக்கு. ஸ்டிரைக்கரை பீரோவில் வைத்திருக்கிறேன் என்று வியாசர்பாடியில் யாராவது சொல்லியிருந்தால் டீக்கடையில் ஒரு வாரம் சிரித்திருப்பார்கள்.

ஆகவே அக்டோபரில் அந்தச் செவ்வாய்க்கிழமை.

உள்ளே போய்க் கோலைத் திருகினேன். சாக்கை எடுத்தேன். நீலக் கட்டியை அந்தப் பழுப்புத் தோலில் வைக்கும்போது, எத்தனை டாலர் என்று மனசு கணக்குப் போட்டது, பொய் சொல்ல மாட்டேன். ஒரு தேய்ப்பு, ஆயிரம் டாலர் போச்சு. வெள்ளைப் பந்தை அடித்தேன். அந்தச் சத்தம் பற்றி எல்லாரும் எழுதுவார்கள், நானும் எழுதாவிட்டால் எப்படி: மெக்டெர்மட் மாதிரி 'டிக்' இல்லை, இன்னும் அடியில் இருந்து, மூடிய கதவை விரல் முட்டியால் தட்டினாற்போல. இரண்டு பாதியும் இடையில் உலோக வளையம் இல்லாமல் தட்டையாக முகத்தோடு முகம் பொருந்துவதால் அப்படி என்பார்கள். கை வரைக்கும் வந்து சொல்லிவிட்டுப் போகிறது, சரியாக அடித்தாயா இல்லையா என்று. பெரும்பாலும் இல்லை என்றே சொன்னது.

முதல் மூன்று வாரமும் தோற்றேன். காரணம் கோல் இல்லை, என் கண். குனிந்து குறி பார்க்கும்போது பந்தைப் பார்க்க வேண்டிய கண் ஓரமாகப் போய்ப் பின்னால் யார் நடக்கிறார்கள் என்று பார்த்தது. மேஜைக்கு மேலே தொங்கும் கண்ணாடி விளக்கில் கோலின் முனை இடித்துவிடுமோ என்று கையை அரைகுறையாக நிறுத்தினேன். எதிராளி ஆடும்போது உட்கார்ந்து யோசிப்பதற்குப் பதில் கோலை முழங்கால்களுக்கு நடுவே கைக்குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டேன். விஸ்கான்சின்காரர்களுக்குப் பிராந்தியில் சர்க்கரை போட்ட ஓல்டு ஃபேஷன்ட் என்றால் உயிர், அந்தப் பிசுபிசுத்த கையோடு ஒருத்தர் வந்து "ஓ, சவுத்வெஸ்ட்டா, பார்க்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே எடுத்தும்விட்டார், கைப்பிடியில் சுற்றியிருக்கும் ஐரிஷ் லினன் நூல் அதை அப்படியே உறிஞ்சிக்கொண்டது. அதற்கு முந்தைய காலம் இன்னும் மோசம் என்று கோச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 2010 ஜூலையில் விஸ்கான்சின் பார்களுக்குள் புகைக்கத் தடை வந்தது, அதுவரை மேஜை விளிம்பில் எரிகிற சிகரெட்டை வைத்துவிட்டு ஆடுவார்கள், எத்தனையோ கோல்களில் அந்தச் சூட்டுத் தழும்பு இருக்கும். அவருடைய மெக்டெர்மட்டிலும் இரண்டு உண்டு. தடை வந்த அதே வருஷத்தில்தான் அவருக்கு இந்தக் கோலும் வந்து சேர்ந்தது, ஆக சிகரெட் பயம் அவருக்குக் காரணமாக இருந்திருக்க முடியாது.

எங்கள் கேப்டன் நேரடியான ஆள். "உன் கோல் ஏழு, நீ நாலு. ரெண்டையும் கூட்டினால் பதினொன்று, எனக்கு 23-இல் இடம் போதவில்லை" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

குளிர்காலம் வந்தது. இது பாரைவிடப் பெரிய எதிரி, யாரும் முதலில் நினைப்பதில்லை. ஜனவரியில் இங்கே செல்சியஸ் கணக்கில் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரிக்குக்கூடப் போகும். அந்தக் குளிரில் காரில் கிடந்த கோலை ஆள் மூச்சும் சமையல் ஆவியும் நிரம்பிய பாருக்குள் கொண்டுபோய் உடனே திறந்தால் மேலே வியர்த்துவிடும், பளபளப்புப் பூச்சு மயிரிழையாக விரிசல் விடலாம். பையைத் திறக்காமல் அரை மணி நேரம் அப்படியே வைக்க வேண்டும். அதனால் எல்லாருக்கும் முன்னால் போய் உட்காருவேன், பார் நடத்துகிற பெண் எனக்கு ஒரு சோடாவை வைத்துவிட்டு "குழந்தை தூங்குகிறதா?" என்று கேட்பாள். வெயில் காலத்தில் டிக்கியில் வைத்துவிட்டுப் போவது இதற்கு நேர் எதிர்ப் பாவம், மரம் வளைந்தால் வளைந்ததுதான்.

சட்டச் சிக்கலும் ஒன்று உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. பழைய மதிப்புள்ள கோல்கள் பலவற்றில் நுனி வளையமும் பதித்த பூக்களும் யானைத் தந்தம். 2016-இல் அமெரிக்க அரசு ஆப்பிரிக்க யானைத் தந்த வியாபாரத்தை ஏறக்குறைய முழுசாக இறுக்கியது, நியூயார்க், நியூஜெர்சி, கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் தனியாகவும் சட்டம் போட்டன. ஊருக்குப் போகும்போது எடுத்துப் போய் அப்பாவிடம் காட்டலாமா என்ற யோசனையில் என் கோலின் வெள்ளைப் புள்ளிகளைக் கோல் பழுதுபார்க்கிற ஒருவரிடம் காட்டினேன், தந்தம் இல்லை என்றார். நிம்மதி. எடுத்துப் போகவில்லை, அது வேறு விஷயம். ஆறடி உயரத்தில் ஒரு தோல் பைக்கு விமானத்தில் என்ன மரியாதை கிடைக்கும் என்று தெரிந்ததே. ஆறடி இல்லை, பிரித்தால் முப்பது அங்குலம்தான். பயத்தில் எல்லாம் பெரிதாகத் தெரிகிறது.

பிப்ரவரியில் நடந்தது. யார் முழங்கையும் இல்லை, பிராந்தியும் இல்லை. என் ஆட்டம் முடிந்து, ஜெயித்து, அதுவும் எதிராளி 5, சந்தோஷத்தில் கோலை நாற்காலி முதுகில் சாய்த்துவிட்டுக் கைதட்டப் போனேன். பதினோரு வருஷம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்த முதல் விதி, கோலை எதிலும் சாய்க்காதே. வழுக்கியது. நாணயப் பொறியின் இரும்பு விளிம்பில் ஷாஃப்ட் போய் மோதிய சத்தத்தை ஜூக்பாக்ஸுக்கு நடுவே நான் மட்டும் கேட்டேன். நுனியிலிருந்து ஒன்பது அங்குலத்தில் அரிசி அளவு ஒரு பள்ளம்.

முதல் கீறல் விழுந்துவிட்டால் மனசு லேசாகிவிடும், அப்புறம் நிம்மதியாக ஆடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். புதுக் கார் வாங்கியவர்கள் சொல்கிற அதே வசனம். காருக்குச் சரியாக இருக்கலாம். ஷாஃப்ட்டில் ஒன்பது அங்குலம் என்பது இடது கை விரல் வளையத்துக்குள் ஒவ்வொரு முறையும் போய் வருகிற இடம், ஒவ்வொரு வீச்சிலும் அந்தப் பள்ளம் விரலில் 'டக்' என்று ஞாபகப்படுத்தும். லேசாவதாவது! ஈரத் துணியை அதன்மேல் வைத்து இஸ்திரிப் பெட்டியின் முனையால் ஆவி பிடித்தேன், மரம் தண்ணீர் குடித்து மெல்ல மேலே எழும்பும், இது பழைய வைத்தியம். முக்கால்வாசி எழும்பியது. கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத் தெரியும்.

மறுநாள் அந்த அம்மாளுக்குத் தவணைக் காசு கொடுக்கப் போனபோது சொல்லிவிட்டேன், கோலில் அடி பட்டுவிட்டது என்று. அவருடையது என்கிற உணர்வு போகவில்லை. அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்குத்தான் கோச் ஏன் அதை ஆடவில்லை என்று கேட்டேன், இத்தனை மாதம் கேட்கத் தைரியம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சில நாள் அதை எடுத்துத் திருகி, சமையலறை மேஜையில் உருட்டி நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே வைத்துவிடுவாராம். "பணத்துக்குப் பயந்து இல்லை," என்றார். "அதற்குப் பேர் கொடுத்தபோது அவருக்கு 49 வயது. அந்த வருஷம் ஊரில் அவரை அடிக்க ஆள் இல்லை. வந்தபோது 60, பைஃபோகல் கண்ணாடி போட்டிருந்தார். பெட்டியைத் திறந்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார், இதை ஆர்டர் பண்ணினவன் என்னைவிட நன்றாக ஆடுவான் என்று."

பைஃபோகல் போட்டுப் பூல் ஆடிப் பார்த்தவர்களுக்கு அது புரியும். குனிந்து தாடை கோலில் உரசுகிற அளவுக்குத் தலையைத் தாழ்த்தினால், கண்ணாடிச் சட்டத்தின் மேல் விளிம்புக்கு மேலே பார்வை போய்விடும், தூரத்துப் பந்து மங்கலாகத் தெரியும். எனக்கு 46. கண் டாக்டர் போன வருஷமே புரோகிரெசிவ் கண்ணாடி எழுதிக் கொடுத்துவிட்டார், செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போகிறேன்.

அந்தப் பேச்சுக்கு அப்புறம் ஒரு வேலை செய்தேன். பழுதுபார்க்கிறவரிடம் அதே திருகுக்குப் பொருந்துகிற மாதிரி சாதாரண மேப்பிளில் ஒரு ஷாஃப்ட் கடைந்து வாங்கினேன், 13 மில்லிமீட்டர் நுனி. அணியில் ஒரு பையன் கார்பன் ஃபைபர் போடச் சொன்னான், இப்போது நிறையப் பேர் அதற்குத்தான் மாறுகிறார்கள், பள்ளம் விழாது, வளையாது, நீலம் ஏறாது, எல்லாம் உண்மை. ஆனால் அந்தக் கருமரத்துக்கு முன்னால் கறுப்புக் குழாயைத் திருகினால் வேட்டிக்கு டை கட்டினாற்போல இருக்கிறது. என் அபிப்பிராயம், விட்டுவிடுங்கள். சாக் படாத ஷாஃப்ட் ஒன்று பீரோவில் அப்படியே இருக்கிறது, விரலுக்குத் தெரிகிற பள்ளத்தோடு இன்னொன்று அதன் பக்கத்தில். செவ்வாய்க்கிழமை போவது பின்பாதியும் புதுசும். விற்கப்போனால் எத்தனை நஷ்டம் என்று அந்த வியாபாரியிடம் இன்னும் கேட்கவில்லை. பிரேக் அடிக்கக் கோச்சின் கனத்த கோல், அதை அந்த அம்மாள் சும்மாவே கொடுத்துவிட்டார். லினனில் ஏறிய பிராந்திக் கறை கொஞ்சம் மங்கியிருக்கிறது. கோலை யாராவது தொட்டுப் பார்க்கக் கேட்டால், கை கழுவிவிட்டு வாருங்கள் என்று வெட்கமில்லாமல் சொல்லப் பழகிவிட்டேன். பாதிப் பேர் கழுவிவிட்டு வருகிறார்கள், மீதிப் பேருக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை.

கடைசித் தவணைக்கு முந்தைய மாதம் அந்த அம்மாள் பாருக்கு வந்தார். முப்பது வருஷம் அவர் கணவர் வந்த இடத்துக்கு அவர் வந்தது அதுதான் மூன்றாவதோ நாலாவதோ முறை. வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு வந்திருக்கிறாராம், பூல் பார்க்க வந்ததில்லை. நான் ஆடுவதை மேஜையோரம் நின்று பார்த்தார். எட்டுப் பந்து மூலைக்குழி வாயில் நிற்க, வெள்ளைப் பந்தையும் சேர்த்து உள்ளே தள்ளி ஆட்டத்தைத் தோற்றேன். "அவரும் இப்படித்தான் செய்வார்" என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை, உண்மையில் பதினோரு வருஷத்தில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

அடுத்த வாரம் ஆட்டம் எதிரணியின் பாரில். மேஜைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை அகலம்தான் இடைவெளி, ஒரு மூலையில் கோலைத் தூக்கி நிறுத்தித்தான் அடிக்க வேண்டும், அதற்கென்றே பாதி நீளத்துக்கு அறுத்த ஒரு குட்டைக் கோலைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே மட்டும் மெக்டெர்மட்டை எடுத்துப் போவேன்.